நூற்று இருபது விநாடி

மூன்றாவது டர்போவும் கருகித்தான் இருந்தது.

மெக்கானிக் அதைப் பழைய துணியில் பொதிந்து என் கையில் கொடுத்தார். உள்ளே இருந்த தண்டு சுழலவில்லை. எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில், அடிப்பிடித்த பாத்திரத்தின் அடியைப் போல ஏதோ கறுப்பாக இறுகிக் கிடந்தது.

"மோந்து பாருங்க," என்றார்.

மாமா மோந்து பார்த்தார். "உன் அத்தை அடுப்புல ஏதாவது வெச்சுட்டு டி.வி. முன்னாடி உட்கார்ந்தா இதே வாசனைதான் வரும், மருமகளே."

மாமா என் அம்மாவின் தம்பி. இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இனிமே உன் அசிஸ்டென்ட்" என்றார். நான் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் முடியவில்லை. இப்போது கேள்வி கேட்பது அவர் வேலை. பதிலைக் கேட்பது என் வேலை.

மணி பன்னிரண்டு. நான்கு மணிக்கு விசாரணை. எங்களிடம் இருந்தது ஒரு கரித்துண்டு மட்டும்.

மலை மேல் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு ஆம்புலன்ஸ்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாதிரி. வாங்கி ஒரு வருடம் ஆகிறது. அதில் ஒன்றுக்கு மட்டும், என்ஜினுக்குள் காற்றைத் திணித்து இழுவை கொடுக்கும் டர்போ மூன்று முறை கருகிவிட்டது. கடைசி முறை, போன செவ்வாய்க்கிழமை, ஏற்றத்தில் பாதி வழியில் இழுவை போய் வண்டி நின்றது. உள்ளே ஒரு நிறைமாதக்காரி. காய்கறி லாரியில் மாற்றி ஏற்றினார்கள். கோஸ் மூட்டைகளுக்கு நடுவே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். டிரைவர்தான் நலமில்லை. தற்காலிக நீக்கம். இன்று குற்றம் உறுதியானால் வேலையும் போகும், லைசென்ஸும் போகும்.

எங்களைக் கூப்பிட்டவர் டிரைவரின் அக்கா. அதே ஆஸ்பத்திரியில் பிள்ளை வார்டு நர்ஸ். தபாலில் கடிதம் எழுதினார். பிறகு நேரில் வந்து சொன்னார்:

"என் தம்பி மறதிக்காரன். ஆனா பொய் சொல்ல மாட்டான். வேற யாரோ பண்ணியிருக்காங்க. யாரா இருந்தாலும் விடாதீங்க. ஆளை மட்டும் காட்டுங்க. நானே கூட்டிட்டுப் போய் கமிட்டி முன்னாடி நிறுத்தறேன்."

மூன்று நாளாகத் தேடுகிறோம். நிறுத்த ஆள் இல்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணி கையை விட அழுக்கு.

"எண்ணெய் மாத்தினேன். எண்ணெய் வர்ற குழாயை மாத்தினேன். சூடு பரவாம தகடு வெச்சேன். டர்போவுக்குச் சட்டை மாதிரி ஒரு உறை கூடப் போட்டேன். சுத்தியிருக்கிற ஒயரெல்லாம் பிழைச்சுது. டர்போ பிழைக்கல. எனக்கே வெறுத்துப் போச்சுங்க."

"ஏன் கருகுது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க," என்றார் மாமா.

"ஒன்பது கிலோமீட்டர் ஏத்தம். மேலே வந்து சேரும்போது டர்போ செக்கச்செவேல்னு இருக்கும். அதைக் குளிர வைக்கிறதே உள்ளே ஓடற எண்ணெய்தான். என்ஜினை உடனே நிறுத்தினா எண்ணெய் ஓட்டமும் நின்னுடும். நின்ன எண்ணெய் அந்தச் சூட்டுலயே வெந்து கரியாயிடும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்தணும்."

"ஓடி வந்தவனை உடனே படுக்க வைக்காதே, கொஞ்சம் நடக்க விடுன்னு சொல்றீங்க."

"அதேதான். ஒரு தடவை நிறுத்தினா ஒண்ணும் ஆகாது. தினமும் நாலு தடவைன்னா மூணு மாசத்துல இதுதான் கதி."

இதற்காகவே இரண்டு ஆம்புலன்ஸிலும் ஒரு டைமர் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவு பெட்டி. சாவியை உருவினாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் நூற்று இருபதிலிருந்து எண் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யம் வந்ததும் என்ஜின் தானாக நிற்கும். பெட்டிக்குக் கீழே வெள்ளை ரப்பரில் ஒரு பட்டன். அவசரம் என்றால் அதை அமுக்கலாம். எண் எதுவாக இருந்தாலும் என்ஜின் அந்த நொடியே நின்றுவிடும்.

விசாரணைக் கமிட்டியின் வாதம் இதுதான்: பட்டனை டிரைவர் அமுக்கியிருக்கிறார். வேறு யார் அமுக்குவார்கள்?

டிரைவர், மெக்கானிக்கின் கொட்டகை ஓரத்தில் கவிழ்த்து வைத்த டிரம்மில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். சட்டையில் ஒரு பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தார்.

"பட்டனை அமுக்கினீங்களா தம்பி?" என்றார் மாமா. இது பதினோராவது முறை.

"இல்லைங்க. போர்ட்டிகோவுல வண்டி நின்ன உடனே சாவியை உருவிட்டு பின்கதவுக்கு ஓடிடுவேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி உள்ளே விட்டு, கையெழுத்து வாங்கிட்டு வர பத்து நிமிஷம் ஆகும். வரும்போது வண்டி நின்னிருக்கும்."

"ஸ்ட்ரெச்சர் தள்றது உங்க வேலையா?"

"இல்லைங்க. ஆனா ஆள் வர்ற வரைக்கும் எப்படிப் பார்த்துட்டு நிக்கிறது?"

நான் முதல் முறையாக வாயைத் திறந்தேன். "வண்டி நூற்று இருபது விநாடி ஓடி நின்னுதா, இருபது விநாடியிலயே நின்னுதான்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் யோசித்தார். "தெரியாதுங்க."

"முன்கதவைப் பூட்டுவீங்களா?"

"சாத்தறதே பெரிய விஷயம். அதுக்கும் அக்காகிட்ட திட்டு வாங்குவேன்."

ஆம்புலன்ஸ் கொட்டகையிலேயே நின்றது. நான் ஏறி, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து டைமரைப் பார்த்தேன். மூன்று நாளில் நான்காவது முறை. முதல் மூன்று முறையும் எண்ணைத்தான் பார்த்தேன். இந்த முறை குனிந்து பட்டனைப் பார்த்தேன்.

வெள்ளை ரப்பரில் ஊதாக் கறை. அரை விரல்நுனி அளவு. ஒரே இடத்தில் பலமுறை பட்டு ஏறிய கறை.

மாமா தலையை உள்ளே நுழைத்தார். "ஓட்டுப் போட்டுட்டு நேரா வந்து அமுக்கியிருக்காங்க."

கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. டிரைவரின் விரல்களைப் பார்த்தேன். மெக்கானிக்கின் விரல்களைப் பார்த்தேன். கறுப்பு இருந்தது, பழுப்பு இருந்தது, ஊதா இல்லை.

மூன்று நாளில் கிடைத்த முதல் துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினோம்.

*

இரண்டாவது ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஆஸ்பத்திரியில் கொட்டாவி என்று பெயர். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. வண்டிக்குள் இருக்கையைச் சாய்த்துப் போட்டுக் கிடந்தார். அவர் வண்டியில் இன்னும் பழைய டர்போ. ஒரு வருடமாகக் கழற்றவே இல்லை.

"உங்க டர்போ மட்டும் எப்படிங்க இவ்வளவு ஆரோக்கியமா இருக்கு?" என்றார் மாமா.

"நான் இறங்க மாட்டேன்."

"எங்கே?"

"எங்கேயும். ஸ்ட்ரெச்சர் தள்றது என் வேலை இல்லை. வண்டி நின்னதும் இப்படியே சாய்ஞ்சுடுவேன். அது ஓடிட்டிருக்கும். நிக்கும். அப்புறம் எழுந்திருப்பேன். ஏத்தம் ஏறினா எனக்கும் சூடு இறங்க ரெண்டு நிமிஷம் வேணும்ல?"

"இந்தப் பட்டனை யாராவது வந்து அமுக்கியிருக்காங்களா?"

"நான் உட்கார்ந்திருக்கும்போது யார் அமுக்குவா? சிலசமயம் யாரோ வந்து ஜன்னல்ல நின்னு முறைக்கிற மாதிரி இருக்கும். நான் கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தா வேலை சொல்வாங்க."

அவர் விரல்கள் சுத்தமாக இருந்தன. எந்த வேலையின் அடையாளமும் அவற்றில் இல்லை.

திரும்பி நடக்கும்போது மாமா புலம்பினார். "பாரேன், இறங்கி ஓடறவன் வண்டி கருகுது. படுத்துக் கிடக்கிறவன் வண்டி பளபளன்னு இருக்கு. நான் இருபத்தாறு வருஷம் நின்னுக்கிட்டே போனது தப்போ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்று. கொட்டாவிக்கு இன்னொருவர் மேல் பகை கொள்ளும் அளவுக்குக் கூடச் சுறுசுறுப்பு கிடையாது.

"மருமகளே," என்றார் மாமா சட்டென்று நின்று. "ஊதா மை எங்கே இருக்கும்? முத்திரை குத்தற பெட்டியில. முத்திரை யார்கிட்ட இருக்கும்? குற்றப் பத்திரிகையை டைப் அடிச்ச கிளார்க்குகிட்ட."

மோசமான யோசனை இல்லை. என்னிடம் வேறு யோசனையும் இல்லை.

*

கிளார்க்கின் அறை இரண்டாவது மாடியில். கவுண்டரில் 'உணவு நேரம்' என்று பலகை தொங்கியது. பலகைக்குப் பின்னால் கிளார்க் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் கழுவி, கவிழ்த்து, காய்ந்தும் விட்டது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் மாமா.

கிளார்க் பலகையைக் காட்டினார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மின்விசிறி அவர் தலைக்கு மேல் மட்டும் சுற்றியது. இரண்டரைக்குப் பலகையைத் திருப்பி வைத்தார்.

"என்ன?"

மாமா பேசிக்கொண்டிருக்கும்போது நான் மேஜையில் இருந்த மைப்பெட்டியில் கைக்குட்டையின் ஓரத்தை ஒற்றினேன். ஊதா. தண்ணீர் டம்ளரில் நனைத்தேன். மை உடனே கரைந்து, கைக்குட்டை முழுவதும் பரவி, வெளுத்தது. பட்டனில் இருந்த கறை அசையவே இல்லை. அது வேறு, இது வேறு.

"போர்ட்டிகோவா?" கிளார்க் சொல்லிக்கொண்டிருந்தார். "மூட்டு வலி. காலையில படி ஏறினா சாயங்காலம்தான் இறங்குவேன். மதியம் டீக்குக் கூட இறங்கறதில்லை. போய்க் கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டியதில்லை. துப்பு செத்துவிட்டது. மணி இரண்டே முக்கால். எனக்கு அந்த மேஜையில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மாமாவுக்கு வேறு விதமாகக் கோபம் வந்தது. "புகார்ப் புத்தகம் குடுங்க."

"எதுக்கு?"

"உங்க உணவு நேரத்தைப் பத்தி நாலு வரி எழுதணும்."

கிளார்க் துளியும் கலங்காமல், நீளமான கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். "எழுதுங்க. நாங்க எல்லாத்தையும் படிக்கிறோம்."

மாமா காலிப் பக்கம் தேடிப் புரட்டினார். நான் அவர் கைக்கு மேல் எட்டிப் பார்த்தேன். குழாய் ஒழுகுகிறது. விளக்கு எரியவில்லை. மாமா இன்னொரு பக்கம் புரட்டினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பிள்ளை வார்டு ஜன்னலின் கொக்கி உடைந்துள்ளது. சாத்தினாலும் திறந்துகொள்கிறது. போர்ட்டிகோவில் நிற்கும் ஆம்புலன்ஸின் புகை குழந்தைகள் மேல் வருகிறது. சரி செய்யவும்."

பதினொரு மாதத்துக்கு முந்தைய தேதி. இரண்டு வாரம் கழித்து அதே புகார், அதே கையெழுத்து. அதற்குப் பிறகு இன்னொன்று. நான்காவதில் எழுத்து பெரிதாகி, பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது: "பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தை இருமுகிறது." நான்கின் மேலும் 'பார்வையிடப்பட்டது' என்று ஊதா முத்திரை.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் நான்காவது. அதற்கப்புறம் குழாய் இருந்தது, விளக்கு இருந்தது, நாய்த் தொல்லை கூட இருந்தது. புகை பற்றி ஒரு வரி இல்லை.

"ஜன்னலைச் சரி பண்ணிட்டீங்களா?" என்றேன்.

"ஃபைல் மேலே போயிருக்கு," என்றார் கிளார்க்.

"எப்போ போச்சு?"

"போயிட்டே இருக்கு."

ஜன்னல் கொக்கி இன்னும் சரியாகவில்லை. ஆம்புலன்ஸ் இன்னும் வருகிறது. அப்படியானால் புகையும் வர வேண்டும். இருந்தும் புகார் நின்றுவிட்டது. கோபத்தில் காகிதத்தைக் கிழித்து எழுதியவர், ஒரு நாள் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரும் சரி செய்யாததை அவரே சரி செய்துகொண்டால் ஒழிய அப்படி நிறுத்த மாட்டார்.

முதல் டர்போ கருகியது ஆறு மாதத்துக்கு முன்னால். தினமும் நாலு தடவைன்னா மூணு மாசத்துல.

என் பையில் ஒரு கடிதம் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறும். புத்தகத்திலும் ஏறியிருந்தன. இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன். தவறாக இருக்காதா என்று.

"என்ன மருமகளே, ஆள் கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு மாமா."

"அப்புறம் ஏன் மூஞ்சி பஸ்ஸை விட்ட மாதிரி இருக்கு?"

புகார்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். கிளார்க் ஏதோ விதியைச் சொன்னார். மாமா அவருக்குப் பலகையைத் திருப்பிக் காட்டினார்.

*

பிள்ளை வார்டு கீழ்த் தளத்தில், விசாரணை நடக்கும் அறைக்கு எதிரே. மணி மூன்றரை. நர்ஸ் முன்னறையில் ஒரு குழந்தையைத் துணியில் கிடத்தி, தொப்புளைச் சுற்றி மருந்து தடவிக்கொண்டிருந்தார். பஞ்சு ஊதாவாக இருந்தது. அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியும் ஊதாவாக இருந்தது.

மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நர்ஸுக்குப் பின்னால் ஜன்னல். ஒரு கதவு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் போர்ட்டிகோ. பக்கத்திலேயே வெளியே போக ஒரு சின்னக் கதவு.

"ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் நர்ஸ், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வேறு ஒன்று கேட்டேன். "உங்க தம்பி வண்டியை நிறுத்திட்டு ஸ்ட்ரெச்சரோட உள்ளே ஓடிட்டா, என்ஜின் ஓடிக்கிட்டே இருக்குமே. அப்போ என்ன பண்ணுவீங்க?"

"போய் நிறுத்துவேன்," என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. "சாவியை எடுத்துட்டுப் போயிடுவான், என்ஜினை நிறுத்த மறந்துடுவான். புகை பூரா இங்கே வரும். பெட்டிக்குக் கீழே ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா நின்னுடும். பத்து எட்டுதான்."

"அவர்கிட்ட சொன்னதில்லையா?"

"சொன்னா வருத்தப்படுவான். போர்ட்டிகோவுல வண்டியை ஓடவிட்டா மேலே எழுதுவாங்க. அவனுக்கே தெரியாம நிறுத்திட்டு வந்துடுவேன். சின்ன வயசுலேர்ந்து அவன் திறந்துவிட்ட குழாயை நான்தான் மூடறேன்."

"அவர் மறக்கலை," என்றேன். "அது தானா நிக்கற மாதிரி வெச்சிருக்காங்க. ரெண்டு நிமிஷம் ஓடினாத்தான் டர்போ ஆறும். உடனே நிறுத்தினா கருகிடும்."

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றினார். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. மூன்றாவது மடிப்பில் கை நின்றது.

"குற்றப் பத்திரிகையில 'நடைமுறையை மீறினார்'னுதானே போட்டிருந்தது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எந்த நடைமுறைன்னு நான் கேட்கவே இல்லை. அவன் எதையாவது மறந்திருப்பான்னு நினைச்சேன். யாரோ அதை வெச்சு மாட்டி விடறாங்கன்னு நினைச்சேன்."

"ஜன்னலை ரெண்டு நிமிஷம் கையால பிடிச்சிருக்கலாமேம்மா," என்றார் மாமா. குற்றம் சொல்லும் குரலில் இல்லை.

"பதினாலு குழந்தைங்க. நான் ஒருத்தி. ரெண்டு நிமிஷம் பிடிச்சுட்டு நிக்க நேரமில்லை. ஓடிப் போய் அமுக்கிட்டு வர நேரம் இருந்தது."

வாசலில் டிரைவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பொத்தான் இன்னும் துளை மாறித்தான் இருந்தது.

"அக்கா, நானே அமுக்கினேன்னு சொல்லிடறேன். எப்படியும் என்னைத்தான் சொல்றாங்க."

"வாயை மூடு."

"உன் வேலை போயிடும்க்கா."

"ஒரு பொம்பளை கோஸ் மூட்டை மேல பிள்ளை பெத்தா. அது என்னாலன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. அதையும் உன் தலையில கட்டச் சொல்றியா?"

அவர் குழந்தையைத் தொட்டிலில் விட்டார். விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஊதா போகவில்லை. பக்கத்து வார்டு நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தினார். பிறகு தம்பியின் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டார்.

நான் நீட்டிய புகார்ப் புத்தகத்தைப் பார்த்தார். அவருடைய நான்கு பக்கங்களிலும் நான் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தேன்.

"ஆளைக் காட்டுங்கன்னு உங்ககிட்ட கேட்டேன்," என்றார் என்னிடம். "நானே கூட்டிட்டுப் போறேன்னும் சொன்னேன்."

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். நான்கு மணி ஆக ஐந்து நிமிடம். கதவைத் தட்டினார். உள்ளே போனார். கதவு மூடியது.

மூன்று நாள் அலைந்து நான் பிடித்துக் கொடுத்த குற்றவாளி. என் தொழில் மீது எனக்கு எரிச்சலாக வந்தது.

வெளியே ஹாரன். கொட்டாவியின் ஆம்புலன்ஸ் ஏற்றம் ஏறி வந்து போர்ட்டிகோவில் நின்றது. அவர் இறங்கவில்லை. நர்ஸின் தம்பி ஓடினார். தற்காலிக நீக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டார் போல. ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு உள்ளே மறைந்தார்.

புகை ஜன்னலுக்கு வந்தது. மாமா போய் ஜன்னல் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நெரிசல்ல படிக்கட்டுக் கதவுக்கு முதுகு கொடுத்து எவ்வளவு தூரம் போயிருக்கேன் தெரியுமா? எண்ணு மருமகளே."

எண்ணினேன். நூற்று இருபது. நூற்றுப் பத்தொன்பது. எதிர் அறையில் நர்ஸின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. எண்பது. பக்கங்கள் புரளும் சத்தம். ஐம்பது. முப்பது. ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. தொட்டிலில் ஒரு குழந்தை தும்மியது, அவ்வளவுதான்.

ஒன்று. ஆம்புலன்ஸ் தானாக நின்றது.

எதிர் அறைக் கதவு திறந்தது. கமிட்டித் தலைவர் எட்டிப் பார்த்தார். வயதான டாக்டர். கையில் புகார்ப் புத்தகம், நான்காவது துண்டில் விரலைச் செருகியிருந்தார். ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தார். ஜன்னலையும் பார்த்தார்.

"அந்தக் கொக்கி பதினொரு மாசமா இப்படியா இருக்கு?"

"நான் விட்டா திறந்துடும் சார்," என்றார் மாமா.

டாக்டர் முத்திரையை மறுபடி பார்த்தார். "இதைக் குத்தினவரைக் கூப்பிடுங்க. அந்த ஃபைலையும் எடுத்துக்கிட்டு உடனே இறங்கி வரச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்," என்றார் மாமா, முதுகை எடுக்காமலே. "ஆனா டீ நேரம்னு பலகை மாட்டியிருப்பாரு."